காம்புப் பக்கம்

மிளகாயைக் கடித்துத் துப்புவது ஒரு வேலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பதினோரு வருஷம் அது வேலையாக இருந்தது. மற்ற நாளெல்லாம் மண் வெட்டினேன், தண்ணீர் கட்டினேன், சாணி சுமந்தேன். மாசி மாசத்தில் ஒரு பத்து நாள் மட்டும் வாயைக் கூலிக்கு விட்டேன்.

ஜீயபுரத்தில் வாய்க்காலுக்குத் தெற்கே அருள்நாதன் வாத்தியாருக்கு ஒன்றேகால் ஏக்கர் தோட்டம். சுற்றிலும் வாழையும் நெல்லும்தான். இவர் மட்டும் பென்ஷன் வாங்கிய கையோடு மிளகாய் போட்டார். கட்டைவிரல் பருமன், வெளிர்பச்சை நிறம், கடித்தால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும், உறைக்காது. பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த சாமியார் ஒருவர் கொடுத்த விதை என்பார். சாணி எருவும் வேப்பம் பிண்ணாக்கும் சாம்பலும் தவிர அந்த மண்ணில் வேறெதுவும் படக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் நீட்டு மிளகாய். நல்ல காரம். தேனீ அங்கே உட்கார்ந்த காலோடு இங்கேயும் வந்து உட்காரும். அதனால் வருஷா வருஷம் நம் செடியில் பத்துப் பதினைந்து மாறிவிடும். பார்த்தால் தெரியாது. இலை, பூ, காய் எல்லாம் ஒரே மாதிரி. கடித்தால்தான் தெரியும். விதைக்கு நிறுத்துவதற்கு முன் ஒரு செடிக்கு ஒரு காய் வீதம் கடித்துப் பார்க்கவேண்டும். ஒரு காய் உறைத்தால் அந்தச் செடிக் காய் அத்தனையும் உறைக்கும். அதை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். உறைக்காத செடியில் வாழை நார் கட்டவேண்டும். நார் கட்டிய செடியில் பழுத்த காய்தான் அடுத்த வருஷத்து விதை.

எங்கே கடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நுனியைக் கடித்தால் எந்த மிளகாயும் புல்தான். காரம் குடியிருப்பது காம்புப் பக்கம். விதை தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைச் சதையில். அதைக் கடிக்கவேண்டும், மென்று நாக்கின் பக்கவாட்டில் வைத்து இருபது எண்ணவேண்டும், துப்பவேண்டும். நாலாவது காரக் காய்க்கு மூக்கு ஒழுகும். எட்டாவதுக்கு எச்சில் கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். நான் துப்பிக்கொண்டே போகிற பாத்தியில் ஈ மொய்த்துக்கொண்டு பின்னாலேயே வரும். உதடு வீங்கி, ஈறு வெந்து, வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. என் பெண்சாதி வீராயி மோரைக் கரைத்து வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"ஊருல ஆம்பளைங்க தோளை வித்துப் பொழைக்கிறாங்க, முதுகை வித்துப் பொழைக்கிறாங்க. எனக்கு வாய்ச்சவரு வாயை வித்துப் பொழைக்கிறாரு. அந்த வாயால எனக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா?"

பேச முடியாத வாயோடு இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்பாள்.

விதையைச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, துணியில் முடிந்து வைப்போம். முடிச்சோடு ஒரு சீட்டு. நாற்பது வயசுக்குமேல் விவசாயக் கூலிகள் சங்கத்து ராப்பள்ளியில் எழுதப் படித்தவன் நான். வாத்தியாருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு சீட்டு எழுதுவது என் பொறுப்பானது. 'காரமில்லா மிளகாய். சாணி எரு. வாய் பார்த்தது பிச்சமுத்து.' இப்படி எழுதுவேன். என் பெயரை நான் எழுதிய காகிதம் வேறெதுவும் அந்த ஊரில் கிடையாது.

காய் இரண்டு இடத்துக்குப் போகும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்தர வீதி வீடுகளுக்கு மோர் மிளகாய் போட. திருச்சியில் தர்கா பக்கத்துச் சந்தில் கமர் ஜஹான் அம்மாவுக்குக் குழம்பு வைக்க.

கமர் ஜஹான் அம்மாவுக்குப் புருஷன் இல்லை. நிச்சயம், கல்யாணம், பெயர் வைப்பது என்று பாய் வீட்டு விசேஷங்களில் அடுப்பேறி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பிரியாணி ஆக்க ஆயிரம் பேர் உண்டு. இவர் பெயர் நின்றது மிளகாய் சாலனில். வேர்க்கடலை, எள், கொப்பரை மூன்றையும் வறுத்து அரைத்து, புளி விட்டு, வெல்லம் கிள்ளிப் போட்டு வைக்கிற குழம்பு. மற்ற சமையல்காரர்கள் மிளகாயைக் கீறி உள்ளே இருப்பதையெல்லாம் சுரண்டி எறிவார்கள். இவர் கீறுவார், சுரண்டமாட்டார். காம்புகூடக் கிள்ளமாட்டார். அந்த வெள்ளைச் சதையும் விதையும் எண்ணெயில் வெந்து தோல் கொப்பளிக்கும்போது ஒரு வாசனை வரும், அதுதான் குழம்புக்கு உயிர் என்பார். எங்கள் மிளகாயில் காரம் இல்லாததால் அப்படிச் செய்ய முடிந்தது. சின்னப் பிள்ளைகள்கூட முழு மிளகாயைக் காம்பைப் பிடித்துத் தூக்கித் தின்னும்.

ஒரு தடவை நான் கூடை கொண்டுபோனபோது சொன்னார்: "நீங்க கடிச்சுத் துப்புறீங்க, நாங்க கடிச்சு முழுங்குறோம். அவ்வளவுதாண்ணே வித்தியாசம். உங்க வாயும் எங்க வாயும் ஒரே தட்டுலதான் இருக்கு."

நான் அன்றைக்குச் சிரித்தேன்.

அறுபதாம் வருஷம் கார்த்திகையில் முடிய வேண்டிய மழை மார்கழியிலும் விட்டுவிட்டுப் பெய்தது... இல்லை, அது அதற்கு முந்தியது. ஐம்பத்தொன்பது. அந்த வருஷம் செடிக்குச் சுருட்டை வந்தது. இலை கிண்ணம் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டது. வேப்பம் பிண்ணாக்கைக் கரைத்துத் தெளித்தோம், சாம்பல் தூவினோம். கேட்கவில்லை. பிறகு நாலு நாள் எனக்கு வேலை இல்லை என்று வாத்தியார் என்னை வீட்டில் நிறுத்தினார். ஐந்தாம் நாள் போனபோது சுருட்டை நின்றிருந்தது. மறு வாரம் கடிக்கிற வேலை தொடங்கியது.

முதல் காயைப் பறித்தேன். காம்பு காயோடு சேருகிற குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்னங்கய்யா இது, காம்புக் குழியில வெள்ளையா?"

"பனி."

"பனி நாறுமாங்கய்யா?"

வாத்தியார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "கொஞ்சம் தூவுனேன். செடி போயிடும்போல இருந்துச்சு. அது ஒண்ணும் பண்ணாது. வீட்டுல மூட்டைப்பூச்சிக்குப் போடுறோமே, அதுதான். நீ என்ன முழுங்கவா போற? துப்பத்தானே போற."

"சாணி எருன்னு சொல்லித்தானே விக்கிறோம்?"

"எரு சாணிதானேடா? அதுல என்ன பொய் இருக்கு?"

கழுவிவிட்டுக் கடித்தேன். நாற்றம் போகவில்லை. பழைய பாய்க்குள் மூட்டைப்பூச்சியை நசுக்கினால் ஒரு வாடை வருமே, அதோடு மருந்துக் கசப்பும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது காய்க்கு வாய்க்கால் கரையில் போய் வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த நீராகாரம் அப்படியே வந்தது. வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். "வெறும் வயித்துல வந்தா அப்படித்தான்" என்றார்.

நுனி சுத்தமாக இருந்தது. காய் தொங்குவதால் பொடி மேலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. நான் நுனியைக் கடித்தேன். புல் மாதிரி இருந்தது. நார் கட்டினேன். அடுத்த செடி. நுனி. புல். நார். பத்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது. முந்நூற்று நாற்பது செடிக்கும் நார் கட்டியாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு செடிகூடப் பிடுங்காத வருஷம் அது ஒன்றுதான்.

"பாத்தியா, விதை சுத்தமாயிடுச்சு" என்றார் வாத்தியார்.

வீராயி மட்டும் கேட்டாள். "என்னாங்க, இந்த வருஷம் சோறு இறங்குது?"

"செடி நல்லாயிருக்கு" என்றேன். அவள் மோர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சீட்டு எழுதினேன். எப்போதும் எழுதுகிற அதே வரி. பென்சில் முனை உடையவில்லை, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அதே மாதம் ஸ்ரீரங்கத்துக்குக் கூடை தூக்கிக்கொண்டு வாத்தியார் பின்னால் போனேன். உத்தர வீதியில் ஒரு மாமி காயைப் புரட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரே, பொடி கிடி ஒண்ணும் போடலையே? எங்காத்துல பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுத்தான் எதுவும் சாப்பிடறது."

வாத்தியார் சட்டைக்குள் கையை விட்டுக் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டார். "மாதா சத்தியமா இல்லைங்கம்மா. உங்களுக்கு உங்க சாமி, எனக்கு எங்க மாதா. இதுல பொய் சொல்லுவனா?"

மாமி என்னைப் பார்த்தார். நான் தலையில் கூடையோடு நின்றேன். கூடை கனக்கிறவன் பேசவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பேசவில்லை.

அந்த விதையை மறு ஆடியில் நாற்றுவிட்டோம். அறுபத்தொன்று தை பிறந்தபோது முதல் பறிப்பு. இந்தத் தடவை சுருட்டை வரவில்லை, பொடியும் இல்லை. செடி நன்றாக இருந்தது. விதைச் செடி பொறுக்குவது மூன்றாம் பறிப்பின்போதுதான் என்பதால் முதல் பறிப்பை யாரும் கடித்துப் பார்க்கமாட்டோம். கமர் ஜஹான் அம்மா முந்நூறு காய் கேட்டிருந்தார். தோல் மண்டி அப்துல் சுக்கூர் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம். பறிக்கும்போது ஒரு காயை வாய்வரைக்கும் கொண்டுபோனேன். கடித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. கூடையில் போட்டேன்.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டிறங்கி வரப்பு வழியாகக் கமர் ஜஹான் அம்மா வந்தார். அவர் தோட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பெல்லாம் சேறு.

"வாத்தியாரே, எனக்கு எதைக் குடுத்தீங்க?"

"வாங்க பாயம்மா, உக்காருங்க. ஏன், என்ன ஆச்சு?"

"உக்கார வரலை. தின்னவங்க வாயெல்லாம் நெருப்பு. எதைக் குடுத்தீங்க?"

வாத்தியார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உள்ள இருக்கிறதைச் சுரண்டி எடுத்தீங்களா?"

"நான் என்னைக்கு எடுத்தேன்?"

"அதான் தப்பு. மிளகாதானேம்மா அது. சர்க்கரைவள்ளிக் கிழங்கா? கொஞ்சம் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்."

"கொஞ்சமா? ஒரு சஹன் தட்டைச் சுத்தி நாலு பேரு உக்காந்து தின்னாங்க. ஒருத்தர் மாஷா அல்லாஹ்ங்கிறாரு, அவருக்கு ஒட்டி உக்காந்தவருக்கு மூக்காலயும் கண்ணாலயும் ஊத்துது. மாப்பிள்ளையோட பெரியத்தாவுக்கு, அதான் பெரியப்பாவுக்கு, எழுபது வயசு. இருமி இருமி, வாயில இருந்தது திரும்ப அந்தத் தட்டுலயே விழுந்துச்சு. மத்த மூணு பேரும் எந்திரிச்சுட்டாங்க. மூணு மிளகால ஒண்ணு நெருப்பு, வாத்தியாரே. எல்லாமே உறைச்சிருந்தா அவ கை காரம்னு விட்டிருப்பாங்க. மூணுல ஒண்ணுன்னா என்ன சொல்றாங்க தெரியுமா? சந்தைச் சரக்கைக் கலந்துட்டா, திருடிங்கிறாங்க."

வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க கலக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்: நோன்பு தொடங்குவதற்கு முன்னால் கல்யாணம். வர்ற சனிக்கிழமை, இன்னும் நாலே நாள். சுக்கூர் வேறு ஆளுக்குச் சொல்லிவிட நினைக்கிறார். இந்த அடுப்பு போனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டு அடுப்பும் இவருக்கு இல்லை.

அவர் வாத்தியாரிடம்தான் பேசினார். என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் நுனியைத்தாம்மா கடிச்சேன்" என்றேன்.

"டேய், சும்மா இரு" என்றார் வாத்தியார்.

"போன வருஷம் விதைக்கு நிறுத்துனப்போ ஒரு செடியிலயும் காம்புப் பக்கம் வாய் வைக்கலை. பொடி நாத்தம் தாங்கலை. நுனியைக் கடிச்சுட்டு நார் கட்டிட்டேன். காரச் செடியும் அதுல சேந்து விதையாயிடுச்சு. அதுங்க பூவுல உக்காந்த தேனீ மத்த செடியையும் கெடுத்துடுச்சு."

"என்ன பொடி?"

"மூட்டைப்பூச்சிக்குப் போடுற பொடி."

கமர் ஜஹான் அம்மா தலையைத் திருப்பி வரப்பில் துப்பினார். இன்னொரு தடவை துப்பினார். முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தார்.

"காம்போடதானே சமைச்சேன். போன வருஷம் என் கடைசிப் புள்ள அடுப்படியில உக்காந்து அஞ்சு மிளகா தின்னுச்சு. நல்லாருக்கும்மான்னுச்சு." அவர் என்னிடம் வந்தார். "வாத்தியாரு விக்கிறவரு. விக்கிறவரு சத்தியம் பண்ணுவாரு, அது அவரு பாடு. நான் அவரு சத்தியத்தை வாங்கலைண்ணே. உங்க வாயைத்தான் வாங்குனேன்."

வாத்தியார் என்னென்னவோ சொன்னார். கூலிக்காரன் பேச்சு, குடிகாரன் பேச்சு என்றார். நான் குடிக்கிறதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த அம்மா என்னைச் சுக்கூர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதே உறைக்கிற செடியாகக் கடித்துப் பார்த்து நாலு காய் பறித்துவரச் சொன்னார். சுக்கூர் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கட்டை மனிதர். தோல் வாடை சட்டையிலேயே இருந்தது.

"என்னம்மா, சாட்சிக்கு ஆள் கொண்டாந்திருக்கியா?"

"சாட்சி இல்லை பாய். குத்தவாளி."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு மிளகாயை எடுத்து நுனியைக் கடித்தார். மென்றார். "ஒண்ணும் இல்லையே?"

"காம்புப் பக்கம் கடிங்க பாய்" என்றார் கமர் ஜஹான் அம்மா.

கடித்தார். முதலில் புருவம் ஏறியது. பிறகு கழுத்து சிவந்தது. "தண்ணி! யாரும்மா உள்ள, தண்ணி!" என்று கத்தினார். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சொம்பைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி. ஒரே மிளகாய்க்கு நுனியில ஒரு பேச்சு, காம்புல ஒரு பேச்சா? நீ தோல் வியாபாரத்துக்கு வந்திருக்கணும்." பிறகு அந்த அம்மாவிடம்: "சரி, நீ கலக்கலை. ஒத்துக்கிறேன். மிளகாயே வேணாம், கத்திரிக்கா போட்டு ஆக்கிடு."

"கத்திரிக்கா போட்டா, நான் திருடிங்கிறதை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் பாய். அதே மிளகா, அதே சாலன், சுரண்டாம வைப்பேன்."

சுக்கூர் தாடியைத் தடவினார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதே ஆளுங்கதான் வருவாங்க. ஒண்ணே ஒண்ணு உறைச்சாலும் நடுப் பந்தியில அடுப்பை விட்டு எறங்கிடணும். அதுக்கப்புறம் நானும் கூப்பிடமாட்டேன், யாரையும் கூப்பிடவும் விடமாட்டேன்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அறுநூறு காய் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒவ்வொரு செடியா கடிங்க. காம்புப் பக்கம்." வாத்தியாருக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். தடுத்தால் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி உத்தர வீதியில் வீடு வீடாகப் பொடிக் கதையைச் சொல்வேன் என்று. வாத்தியார் தடுக்கவில்லை.

புதன்கிழமை தொடங்கினேன். முந்நூற்று எண்பது செடி. முன்னெல்லாம் முப்பதில் ஒன்று உறைக்கும். இப்போது மூன்றில் ஒன்று. முதல் பாத்தியிலேயே பதினான்கு காரம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. மத்தியானத்துக்குள் மூக்கிலிருந்து வடிந்தது வாயில் போய், வாயிலிருந்து வடிந்தது நெஞ்சில் போய், சட்டையே ஒட்டிக்கொண்டது. துப்பினால் நூலாகத் தொங்கும், அறுபடாது. கையால் அறுத்து எறிந்தேன். அதே கை கண்ணில் பட்டுவிட்டது. வாய்க்காலில் முகத்தை முக்கிக்கொண்டு மாடு மாதிரி கிடந்தேன். பெரிய குற்றம் செய்தவனுக்கு வருகிற தண்டனை கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சளியும் வயிற்றுப்போக்குமாக இருந்தது.

வீராயி மோர் கொண்டுவந்தாள். "இந்த வருஷம் சோறு இறங்காதில்ல?" என்றாள். போன வருஷமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, நான் துப்பின இடத்தில் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு முழுக்க அதைச் செய்தாள்.

வியாழன் மத்தியானத்துக்குமேல் நாக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மோர் குடித்து, வெல்லம் சப்பி, கொஞ்ச நேரம் நிழலில் கிடந்து, மறுபடி கடித்தேன். வெள்ளி காலையில் முடிந்தது. இருநூற்று ஐம்பது செடிக்கு நார். நூற்று முப்பது செடி காரம். நார் கட்டிய செடியில் அறுநூறு காய் பறித்தேன். காரச் செடியைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

வாத்தியார் ஓடிவந்தார். "ஏண்டா, காய் நிக்குதேடா அதுல!"

"உறைக்குங்கய்யா."

"உறைக்கட்டும். அதைத் தனியா பறி. ஸ்ரீரங்கத்துக்குப் போகட்டும். மோர்ல ஊறிக் காஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?"

அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை. அழுகின பழத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டால் உள்ளங்காலில் ஏறுமே, அது. கையில் இருந்த செடியைப் பிடுங்கினேன். அடுத்ததையும் பிடுங்கினேன். யார் செடி, யார் மண் என்று கத்தினார். பத்தொன்பது செடி பிடுங்குவதற்குள் நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். மீதி நூற்றுப் பதினொரு செடியை என்ன செய்தார் என்பது ஸ்ரீரங்கத்து மாமிகளுக்குத்தான் தெரியும். நான் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கல்யாண வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டு அடுப்பு வெட்டியிருந்தார்கள். மறுநாள் காலை கமர் ஜஹான் அம்மா காய்களைத் தண்ணீரில் கொட்டி, காம்புக் குழிகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் கீறிக் கொடுக்கலாம் என்று கத்தியை எடுத்தேன்.

"நீங்க அங்க உக்காருங்கண்ணே" என்றார்.

அவரே கீறினார். கீறி, காம்புப் பக்கத்து வெள்ளைச் சதையை விரல் நகத்தால் இம்மி கிள்ளி நாக்கில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து அந்தக் காயை வலப்பக்கத் தட்டில் போட்டார். அடுத்ததை எடுத்தார். நான் முதலில் ஏதோ ஒன்றிரண்டு பார்க்கிறார் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது, நூறு, இருநூறு. கூடவந்த பெண்கள் தேங்காய் அரைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா, நான் பாத்துட்டேம்மா. எல்லாம் காம்புப் பக்கம்தான் கடிச்சேன். சத்தியமா."

அவர் நிமிரவில்லை. "சத்தியம் வேணாம்ணே."

வெயில் பந்தலுக்குள் வருகிற நேரத்துக்கு முடித்தார். வலப்பக்கம் மலை மாதிரி காய். இடப்பக்கம் ஒரு வாழை இலைத் துண்டில் ஒன்பது. அவருக்குக் கண் சிவந்து, மூக்கு நுனியில் நீர் நின்றது. அந்த இலையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். காம்புப் பக்கம். மென்றேன். இருபது எண்ணினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெருப்பா, புல்லா, மரத்தூளா, எதுவும். வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே என் நாக்கு செத்துப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை செடியைச் செத்த நாக்கால் பார்த்து நார் கட்டினேன்!

"ஒன்பது சஹன்" என்றார் அவர். "ஒன்பது சஹன்ல இருமியிருப்பாங்க." திட்டுகிற குரலில் இல்லை. திரும்பிப் போய் எண்ணெயில் முதல் கை மிளகாயைப் போட்டார். தோல் கொப்பளித்தது.

பந்தியில் யாரும் இருமவில்லை. மாப்பிள்ளையின் பெரியத்தா மூன்று மிளகாய் தின்றார் என்று உள்ளேயிருந்து சேதி வந்தது. சுக்கூர் கொல்லைப் பக்கம் வந்து, அடுத்த மாசம் பெருநாளைக்கும் நீதான் என்று கமர் ஜஹான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் வேலைக்காரர்களுக்கு ஒரு சஹன் வைத்தார்கள். விறகு உடைத்தவர், தண்ணீர் சுமந்தவர், பாத்திரம் தேய்க்கிறவர், நான். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். என் பக்கத்துச் சோற்றின்மேல் ஒரு மிளகாய் எண்ணெய் மினுங்கக் கிடந்தது.

"உறைக்குதாண்ணே?" என்று விறகு உடைத்தவரைக் கேட்டேன்.

"இது எங்க உறைக்குது? அல்வா மாதிரியில்ல இருக்கு. திங்கலையா?"

"நீங்க எடுத்துக்கங்க" என்றேன். அவர் காம்பைப் பிடித்துத் தூக்கினார். நான் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றேன்.